சைடு ஹோலில் அடித்த வெளிச்சம்

நான் வேலை பார்த்த கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் டேபிளுக்குக் கேமரா வந்துவிட்டதாம். பேனா தடிமனில் ஒரு குழாய், அதன் நுனியில் கேமராவும் விளக்கும். செய்த பீஸின் துளைக்குள் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் டி.வி. மாதிரித் திரையில் பெரிதாகத் தெரிகிறதாம். இப்போது அங்கே வேலை செய்கிற பெண்கள் போன் போட்டுச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, "இது இல்லாத காலத்துல வெறும் டார்ச்ச வெச்சிகினு எப்படிக்கா பாத்தீங்க?" என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். கேமரா வந்தது நல்லதுதான், அந்தப் பெண்களுக்குக் கழுத்து வலி மிச்சம். ஆனால் வெறும் டார்ச் என்றார்களே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது வடக்குப்பட்டு, வாழ்க்கைப்பட்டது படப்பை. என் வீட்டுக்காரர் அந்தோணி படப்பை பஜாரில் ரேடியோ, எமர்ஜென்சி லைட், டார்ச் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், அப்படியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சால்டரிங் பிடிக்கவும் மீட்டர் வைத்து கரண்ட் பார்க்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கடை வருமானம் இரண்டு பிள்ளைகளுக்குப் போதவில்லை. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்த நேரம் அது. பிளஸ் டூ படித்த பெண்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன், எடுத்துக்கொண்டார்கள்.

காரின் ஸ்டீயரிங்குக்குப் போகிற அலுமினிய ஹவுசிங், அதாவது வெளிக்கூடு, செய்கிற கம்பெனி. அந்தக் கூட்டைத்தான் பீஸ் என்போம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அளவு பார்க்கிற கேஜ் பிடிப்பது, டிராயிங் பார்ப்பது, நின்றுகொண்டே வேலை செய்து கால் வீங்குவது, பிறகு வீங்காமல் பழகுவது. அது முடிந்ததும் கடைசி இன்ஸ்பெக்ஷனில் போட்டார்கள். வேலையை விட்டு வருகிறவரை அங்கேதான் இருந்தேன்.

பீஸ் முழங்கை நீளம் இருக்கும். நடுவில் நீளமாக ஒரு துளை, உள்சுவரைக் கண்ணாடி மாதிரிக் கடைந்திருப்பார்கள். பக்கவாட்டில் எண்ணெய் போக ஒரு சின்னத் துளை, சுண்டுவிரல் நுழையாது. அது உள்ளே போய் நடுத்துளையில் சேரும். அதைச் சைடு ஹோல் என்போம். துளைக்குள் கோடு, குழி, பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் ரிஜெக்ட். ஆறு டேபிள், ஆறு பெண்கள். ஆளுக்கொரு கலரில் மார்க்கர் கொடுத்திருந்தார்கள். பார்த்து முடித்த பீஸில் அவரவர் கலரில் பொட்டு வைக்க வேண்டும். எனக்கு நீலம்.

கம்பெனி கொடுத்தது ரெண்டு கட்டை பிளாஸ்டிக் டார்ச். பேட்டரியைக் கட்டை என்றுதான் சொல்வோம். அதன் வெளிச்சம் துளையின் வாய்வரை நன்றாகப் போகும். நடுவில் போனதும் தேய்ந்த மஞ்சளாகிவிடும். முதல் வாரமே எனக்கு அது பொறுக்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் கொண்டுவருகிற டார்ச்சை இப்படி மங்கலாக எரிய விட்டுத் திருப்பிக் கொடுத்தால் அந்தோணிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

முதலில் பல்பை மாற்றினேன். கிரிப்டான் பல்பு என்று ஒன்று உண்டு. உள்ளே வாயு அடைத்தது, அதே கட்டையில் இன்னும் வெள்ளையாக எரியும். சாதாக் கட்டையை எடுத்துவிட்டு ஆல்கலைன் போட்டேன். ஷிப்ட் முடிகிறவரை வெளிச்சம் இறங்காமல் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். ஆசை விடவில்லை. கம்பெனி டார்ச்சை அறுத்து, கடையில் கிடந்த பழைய டார்ச் ஒன்றின் உடம்பை அதில் ஒட்டி மூணு கட்டை ஆக்கினேன், ரெண்டு கட்டைக்கான பல்பையே அதில் மாட்டினேன். காலையில் எரிந்த எரிப்பைப் பார்க்க வேண்டுமே, பக்கத்து டேபிள் பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பல்பு உள்பக்கம் கறுத்துப்போய், சுற்றியிருந்த ரிஃப்ளெக்டர் இளகிக் கோணிக்கொண்டது.

சாயங்காலம் அதைப் பார்த்த அந்தோணி, "தாங்கறதுக்கு மேல குடுத்தா கொஞ்ச நேரம் ராஜா மாதிரி எரியும், அப்புறம் செத்துடும்" என்றார். மூணு கட்டைக்கு உரிய பல்பைப் போட்டு, உலோக ரிஃப்ளெக்டர் வைத்தேன். அது நின்றது.

எங்கள் செக்ஷனுக்குச் சங்கரலிங்கம் சார் பொறுப்பு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டேபிள் டேபிளாக நடப்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நாம் என்ன சொன்னாலும் முதலில் ஒரே வார்த்தைதான் வரும்: "காட்டுங்க." கோடு இருக்கிறது என்றாலும் காட்டுங்க, இல்லை என்றாலும் காட்டுங்க. காட்டினால், சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து மூக்குக் கண்ணாடியை நிதானமாகத் துடைப்பார். பிறகுதான் பீஸுக்குள் பார்ப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே காட்டுங்க சார்.

அவர் என் நீள டார்ச்சைப் பார்த்த அன்று வேலை போய்விடும் என்று பயந்தேன். கம்பெனிப் பொருளை அறுத்திருக்கிறேன் அல்லவா. அவர் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு பீஸை என் டார்ச்சில் பார்த்தார், அதே பீஸைப் பக்கத்து டேபிள் டார்ச்சில் பார்த்தார். மறுபடியும் என்னுடையதில் பார்த்தார்.

"வெளிச்சம் ஆளுக்கு ஒண்ணா இருக்கக் கூடாதும்மா. ஒரே பீஸு இந்த டேபிள்ல பாஸாகும், அந்த டேபிள்ல ரிஜெக்ட் ஆகும். செஞ்சா ஆறும் செய்யணும். செய்யுதீங்களா?" என்று கேட்டார்.

செய்தேன். ஸ்டோரிலிருந்து சாமான் வாங்கிக் கொடுத்தார்கள், ஆறு டார்ச்சும் என் கையால் ஆனது. அதற்கு ஒரு முறையும் அவர் ஏற்படுத்தினார். உள்ளே முடி மாதிரி மெல்லிய கோடு விழுந்த ஒரு பீஸை மாஸ்டர் என்று தனியாக எடுத்து வைத்தார். ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தங்கள் டார்ச்சால் அந்தக் கோட்டைப் பார்த்தாக வேண்டும். தெரியவில்லையா, கட்டையை மாற்று. தெரிந்த பிறகுதான் முதல் பீஸைத் தொடலாம். பார்ப்பதற்கும் முறை உண்டு. டார்ச்சை நேராகப் பிடித்தால் உள்சுவர் பளபளத்துக் கண்ணைக் கூசும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு போகும், மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். டார்ச்சும் கண்ணும் அசையக் கூடாது. பீஸ்தான் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்து, திருப்பிப் போட்டு, அடுத்த வாயிலிருந்து மறுபடி ஒரு சுற்று. பிறகு பொட்டு.

அப்படியே சில வருஷம் நன்றாகப் போனது. அதன் பிறகுதான் அந்தப் புகார் வந்தது.

எங்கள் பீஸை வாங்கி ஸ்டீயரிங் பூட்டுகிற கம்பெனியில், ஓட்டிப் பார்க்கும்போது எண்ணெயில் அலுமினியத் துணுக்கு வருகிறது என்றார்கள். ஒன்றிரண்டு பீஸில் இல்லை, நிறைய. ஸ்டீயரிங்கில் துணுக்கு சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனுப்பிய சரக்கெல்லாம் திரும்பி வந்தது. அதில் துணுக்கு விட்ட பீஸ்களில் இருந்த பொட்டு எல்லாமே பச்சை.

பச்சை வசந்தாவின் கலர். மணிமங்கலத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், எனக்குப் பக்கத்து டேபிள். வேலையில் கெட்டி. மற்றவர்கள் பேசிக்கொண்டே பார்ப்போம், அவள் பீஸைக் கையில் எடுத்தால் பேச மாட்டாள். அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கண்ணில் கோளாறு இருக்கலாம் என்றார் ஒருவர். பார்க்காமலே பொட்டு வைத்திருக்கிறாள் என்றார் இன்னொருவர். புகார் முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாங்குகிற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வரப்போகிறார், அவர் முன்னால் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். அந்த முடிவு வசந்தாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நேராக மணிமங்கலம் போனேன். தாம்பரத்தில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்ததாகச் சொன்னாள். கண்ணில் ஒன்றும் இல்லையாம். அந்தச் சீட்டை எச்.ஆரில் கொடுத்தாளாம், வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அவள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் கம்பெனிப் பெண்கள் அந்த ஆட்டோவில்தான் வருவார்கள். ஏறுகிறவர்களெல்லாம் வசந்தா ஏன் வரவில்லை என்று அவரிடம் கேட்கிறார்களாம். அதைச் சொன்னபோதுகூட அவள் அழவில்லை. பிறகு சொன்னாள்:

"பாக்காம வுட்டேன்னு சொன்னா ஒத்துக்குவேன்க்கா. நான் பாத்துட்டுத்தான பொட்டு வெச்சேன். பாத்தும் தெரியலன்னா அது இன்னாக்கா?"

திரும்பி வருகிற வழி முழுக்க அந்தக் கேள்விதான். பார்த்தும் தெரியவில்லை என்றால் அது என்ன?

திங்கட்கிழமை சாரிடம் போய், திரும்பி வந்த பச்சைப் பொட்டுப் பீஸ்களை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு பெட்டி இறக்கிக் கொடுத்தார். மாஸ்டரில் டார்ச்சைச் சரிபார்த்து, முறைப்படி ஒவ்வொன்றாகச் சுற்றினேன். ஒன்றிலும் எதுவும் இல்லை. எனக்குக் கண் கூர்மை என்று செக்ஷனில் பெயர். எனக்கே தெரியவில்லை. அதைச் சாரிடம் சொன்னேன். அவர் பெட்டி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

யோசித்து யோசித்து அவர்தான் சொன்னார். ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு மிஷினிலிருந்து பீஸ் வருகிறது. வசந்தா டேபிளுக்கு வருவது ஒரே மிஷினின் சரக்கு. அந்த மிஷினில் சைடு ஹோல் போடுகிற டிரில் நடுத்துளைக்குள் எட்டிப்பார்க்கிற இடத்தில் பிசிறு விட்டிருந்தால்? பிசிறு அறுந்து விழாமல், சுவரோடு சுவராகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்து, எண்ணெய் ஓடும்போதுதான் அறுந்து வந்தால்?

"முன்னாலேருந்து அடிச்சா அது சுவரு மாதிரியே மின்னும், தெரியாது. சைடு ஹோல் வழியா வெளிச்சத்த விட்டு, நடுத்துளை வழியா பாக்கணும்" என்றார்.

உடனே பார்த்தோம். என் மூணு கட்டை டார்ச்சைச் சைடு ஹோலில் வைத்து அழுத்தினேன். அந்தச் சின்னத் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது மங்கலான ஒரு மஞ்சள் பொட்டு மட்டும்தான். அதில் ஒன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "வழி சரிதாம். வெளிச்சம் பத்தல. அது ஒங்க வேலை" என்றார்.

அது ஒங்க வேலை என்று அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

வெள்ளை எல்.இ.டி. அப்போதுதான் கடைகளில் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தது. நல்ல வாட் உள்ள ஒன்றை அந்தோணி வாங்கி வந்தார். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே விரல் நீளத்தில் லித்தியம் செல் இருக்கும். ஒன்றே ஒன்று எங்கள் மூணு கட்டைக்குக் கிட்டத்தட்டச் சமமான வோல்ட் கொடுக்கும், சக்தி அதைவிட அதிகம். நேராக இணைத்தேன். நீலமாக ஒரு மின்னல், எல்.இ.டி. போய்விட்டது. பல்பைப் போல அது கரண்டைத் தானாக மட்டுப்படுத்திக்கொள்ளாது, கொடுத்ததையெல்லாம் குடிக்கும். அடுத்ததற்கு நடுவில் ரெசிஸ்டர் போட்டேன். எரிந்தது, ஆனால் சூடேறி ஒளி குறைந்துகொண்டே வந்தது. சூட்டை இழுக்க ஏதாவது உலோகம் வேண்டும். அலுமினியக் கம்பெனியில் வேலை செய்துகொண்டு அதற்கு நான் வேறெங்கே போக வேண்டும்? மிஷினுக்குக் கருவி செய்து தருகிற டூல் ரூமில் சொன்னேன். ரிஜெக்ட் பீஸ் ஒன்றிலிருந்து வட்டமாக ஒரு தகடு கடைந்து கொடுத்தார்கள். அதன்மேல் எல்.இ.டி.யை ஒட்டினேன். நின்று எரிந்தது. முன்பக்கம் வெளிச்சம் சிதறாமல் இருக்க, சைக்கிள் டியூபை வெட்டி மூடி செய்து, சைடு ஹோல் அளவுக்கு நடுவில் ஓட்டை போட்டேன்.

கம்பெனிக்குக் கொண்டுபோன முதல் நாளே பிரச்சினை. டேபிளில் வைத்துப் பார்க்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் டார்ச்சின் பின்பக்கம் கொதித்தது. அந்த நேரம் சேஃப்டி பார்க்கிற ரவீந்திரன் சார் அங்கே வந்தார். திறக்கச் சொன்னார். உள்ளே பழைய லேப்டாப் செல்லைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டுபோய் மணல் வாளியில் வைத்தார். இது வெடித்தால் உன் கை போகும், பக்கத்தில் ஆயில் டிரம் இருக்கிறது, இனி இது ஷாப் ஃப்ளோருக்குள் வரக்கூடாது என்றார்.

எனக்கு வந்த கோபத்தில், இன்ஜினியர் வரப்போகிறார், அதற்குள் நான் பார்க்காவிட்டால் ஒரு பெண்ணின் வேலை போய்விடும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் தன் ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். செல் புதிதாக இருக்க வேண்டும், அதற்குள்ளேயே பாதுகாப்பு சர்க்யூட் இருக்க வேண்டும். உடம்பு பிளாஸ்டிக் கூடாது, உலோகம். நடுவில் ஃப்யூஸ். இவ்வளவும் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். அந்த மாதிரி செல் சென்னையில் எங்கே கிடைக்கும் என்பதையும் அவரே விசாரித்து வைத்திருந்தார். அந்த மனுஷர் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. அவர் செய்தது அவர் வேலை. செல் பழையது என்று எனக்கே தெரியும்.

அந்தோணி கடையை மூடிவிட்டுச் சென்னை போனார். டூல் ரூம் ஆட்கள் அலுமினியத்தில் முழு உடம்பையும் கடைந்து கொடுத்தார்கள். மறுபடி கோத்து எடுத்துப்போனேன். ரவீந்திரன் சார் அதை எரியவிட்டுத் தன் மேஜைமேல் வைத்து, ஒரு கையை அதன்மேல் போட்டபடியே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன். வெகுநேரம் கழித்து, "போங்கம்மா, போய்ப் பாருங்க" என்றார்.

பச்சைப் பொட்டுப் பீஸ் ஒன்றை எடுத்தேன். ரப்பர் மூடியைச் சைடு ஹோலில் பொருத்தி அழுத்தினேன். நடுத்துளையில் கண்ணை வைத்தேன். இருட்டுச் சுவரில் வெள்ளை வட்டம் ஒன்று நிலா மாதிரி நின்றது. பீஸைக் கொஞ்சம் சாய்த்தேன். வட்டத்தின் ஓரத்தில், கண் இமை முடி மாதிரி, வளைந்து படுத்திருந்தது பிசிறு. வெளிச்சம் அதன் பின்னாலிருந்து வந்ததால் ஓரம் மட்டும் பளிச்சென்று மின்னியது. மெல்லிய கம்பியால் தொட்டேன். அசைந்தது.

பீஸையும் டார்ச்சையும் கையோடு எடுத்துக்கொண்டேன். சாரிடம் ஓடிப்போய் இருக்கு சார் என்றேன்.

"காட்டுங்க" என்றார்.

கண்ணாடியைத் துடைத்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதே பீஸை மூணு கட்டை டார்ச்சில் முன்னால் இருந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி சைடு ஹோலில். இருக்கிறது. "அந்தப் பிள்ளை கண்ணுல ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே மற்ற ஐந்து மிஷின் பீஸ்களையும் அதே வெளிச்சத்தில் பார்த்தோம். எதிலும் பிசிறு இல்லை.

இன்ஜினியர் வந்த அன்று மீட்டிங் ரூமுக்கு என்னையும் கூட்டிப்போனார் சார். பெரிய மேஜை, சுற்றிலும் பெரிய ஆட்கள். சார் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "இவங்க காட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் முதலில் பழைய டார்ச்சைக் கொடுத்தேன். மேஜையைச் சுற்றி எல்லோரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு புதியதைக் கொடுத்தேன். இன்ஜினியர் கோயம்புத்தூர்க்காரர், நடுத்தர வயது. பார்த்தவர் நிமிரவே இல்லை. இந்த பீஸை அறுக்கலாமா என்று கேட்டார். டூல் ரூமில் வைத்து அறுத்தார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன மாதிரியே பிசிறு படுத்திருந்தது. அந்த மிஷினின் டிரில்லைக் கழற்றிப் பார்த்ததில் முனை ஒரு பக்கம் மழுங்கியிருந்தது.

இன்ஜினியர் டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏன் பழையதில் தெரியவில்லை என்று கேட்டார், சொன்னேன். ரெசிஸ்டர் எவ்வளவு என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். எங்கள் கம்பெனிக்கும் இதே மாதிரி வேண்டும், கொடுப்பீர்களா என்றார். இவ்வளவு வருஷ வேலையில் அந்த நிமிஷம் நான் நின்ற உயரத்தில் வேறு எப்போதும் நின்றதில்லை.

வசந்தாவுக்கு நானே போன் போட்டேன். அவள், "நாளைக்கு எந்த ஷிப்ட்டுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது டேபிளில் புது டார்ச் இருந்தது. பிளான்ட் ஹெட் வந்து அவளிடம் வருத்தம் தெரிவித்தார். அவள் தலையாட்டிவிட்டு மாஸ்டரை எடுத்துக் கோட்டைப் பார்த்தாள். பிறகு முதல் பீஸ், டிரில்லை மாற்றும் முன் செய்த சரக்கு. சைடு ஹோலில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பொட்டு வைக்காமல் எடுத்துக்கொண்டுபோய் ரிஜெக்டுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டாள். சார் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் அவர் காட்டுங்க என்று கேட்கவில்லை.

அதன் பிறகு ஆறு டேபிளுக்கும் அலுமினிய டார்ச் செய்தோம், அந்த இன்ஜினியர் கம்பெனிக்கும் அனுப்பினோம். சைடு ஹோல் பார்ப்பது எல்லா டேபிளுக்கும் முறை ஆனது. சங்கரலிங்கம் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். வசந்தா படிப்படியாக வந்து அந்த செக்ஷனுக்கே இன்சார்ஜ் ஆனாள். என் கடைசி நாளும் வந்தது.

மாலை போட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு, நான் முதலில் செய்த அலுமினிய டார்ச்சை மட்டும் எடுத்துப்போகலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள். ஆனால் கேட்டுக்கு வெளியே ஒரு நட்டு போனாலும் கேட் பாஸ் வேண்டும். வசந்தாதான் எழுதினாள். பொருள்: டார்ச். எண்ணிக்கை: ஒன்று. அடுத்த கட்டத்தில், எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்று பிராண்டு பெயர் எழுத வேண்டும். அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி புது ஆள். பாஸை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். டார்ச்சைப் போட்டுப் பார்த்தார். பட்டப்பகலில் கேட்டுக்கு எதிர்ச் சுவரில் வட்டமாக வெள்ளை விழுந்தது. அசந்துபோய்விட்டார்.

"ஸ்டெல்லான்னு போட்டுக்கீதே, நல்ல கம்பெனியாம்மா? எங்க கீது?"

"படப்பையில" என்று சொல்லி, டார்ச்சை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.